புத்தொழிலின் முதற்பொருள்

தொழில் தொடங்குவார்க்கு முதற்கண் வேண்டற்பாலது யாது என்று நம் கல்லூரி விடுதியில் எவரை வினவினும், ‘முதல்’ என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். முதல் என்பதற்குப் பணம் என்றே அவர் பொருள் கொள்வர். தமிழிலக்கணம் பயில்வார்க்கோ அச்சொல் பிறிதொரு பொருளையும் நினைவூட்டுகின்றது. அகப்பொருள் நூல்கள் முதற்பொருள் என்று கூறுவன நிலமும் பொழுதும் ஆம். எவ்விடத்தே, எக்காலத்தே என்பது துணியப்பட்ட பின்னரே கருப்பொருளும் உரிப்பொருளும் அதற்கேற்ப அமைகின்றன. கணினியையும் கைப்பேசியையும் கருவியாகக் கொண்டு இந்நாளில் எழும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் முதற்பொருள் நிலமும் பொழுதும் பற்றிய அறிவே என்பதும், அவ்வறிவைப் புறத்தே உள்ளாரிடம் கேட்டே பெறுதல் வேண்டும் என்பதும், அங்ஙனம் கேட்டுப் பெற்றது திருப்பித் தரவேண்டிய கடன் என்பதும் இக்கட்டுரையில் யான் கூற விழைவன.

புத்தொழில் நிறுவனம் என்று ஈண்டுக் குறிப்பது, ‘ஸ்டார்ட்அப்’ என்று யாவரும் வழங்குவதையே. அரிசிக்கடை வைப்பான் ஒருவன் தனக்கு முன் ஆயிரவர் நடந்த பாதையில் நடக்கின்றான். எவர் வாங்குவர், எங்கே கொள்முதல் செய்வது, எவ்வளவு இலாபம் வைப்பது என்பன அவனுக்கு முன்னரே தெரியும். புத்தொழில் தொடங்குவானுக்கோ அங்ஙனம் முன்சென்றார் இலர். எவர்க்கு நாம் பயன்படுவோம், எதன் பொருட்டு அவர் நமக்குப் பணம் தருவர், அப்பணம் எவ்வழியாக வந்து சேரும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அவனே விடை தேடியாகல் வேண்டும். இம்மூன்று விடைகளும் ஒருங்கு சேர்ந்ததே வாணிப முறை எனப்படுவது. செயலி எழுதுதல் கல்லூரியிற் கற்கும் வித்தை. வாணிப முறை வகுத்தலோ, எக்கல்லூரியிலும் முற்றக் கற்பிக்க இயலாத வித்தை.

இவ்வுண்மையை யான் அறிந்த இடம் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையை வலம் வருவார், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பாதையில் கிழக்கே பெருங்கோயிலிற் புறப்பட்டு, மலையின் மேற்புறத்தே இவ்வூரை அடைவர். ஆதி அண்ணாமலையார் கோயில் இங்குளது. மணிவாசகர் திருவெம்பாவை பாடியருளிய இடம் இதுவென்று கூறி, அவர்க்கும் இங்கொரு கோயில் எடுத்துள்ளனர். யான் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தவன்; வலம் வருதற்கு ஆங்குச் சென்றேனல்லேன். என் தமையனார் அவ்வூரில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குக் கொண்டு தொழில் தொடங்கியிருந்தமையின், விடுமுறை நாட்களில் அவர்க்கு உதவியாகச் சென்று தங்கினேன்.

தமையனார் பொறியியல் பயின்றவர். சென்னையில் நான்காண்டு உத்தியோகம் பார்த்து, அதனைத் துறந்து, தோழர் இருவருடன் கூடி ஒரு செயலியை ஆக்கினார். பௌர்ணமி இரவில் மலையை வலம் வருவோர், வேண்டிய சிற்றுண்டியையும் தேநீரையும் நீரையும் கைப்பேசி வாயிலாக முன்னரே சொல்லிவிட்டு, அடி அண்ணாமலையை அடைந்தவுடன் காத்திராமற் பெற்றுக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. கேட்டவர் யாவரும் வியந்தனர். சென்னையிலிருந்த நண்பர் புகழ்ந்தனர். அன்னையார் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்தார். அஃது அடகுக் கடைக்குச் சென்றது.

மூன்று பௌர்ணமிகள் கழிந்தன. பாதை நிறைய மக்கள் வெள்ளம். செயலிக்கு வந்த கட்டளைகளோ ஓர் இரவிற்கு 40-க்கும் குறைவு. மூன்றாம் பௌர்ணமிக்கு மறுநாட் காலை, எஞ்சிய இட்லிகளை எவர்க்குக் கொடுப்பது என்று அறியாது தமையனார் திண்ணையில் அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது. பணம் போயிற்று என்பதினும், தம் அறிவு பொய்த்தது என்பதே அவரை வருத்திற்று.

எதிரே பாதையோரத்தில் சுண்டலும் தேநீரும் விற்கும் முதியவர் ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அவ்விடத்திலேயே பல்லாண்டு கடை வைத்திருப்பவர். அவர் ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து தமையனாரிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, வெறுங்காலோட நடக்கிறவன் சாமியை நினைச்சுக்கிட்டு நடக்கிறான். அவன் போனை எடுத்துப் பார்த்துக்கிட்டா வருவான்? எடுத்தாலும் அந்தக் கூட்டத்துல சிக்னல் ஏது? பசிச்சா முன்னால இருக்கிற கடையில நிப்பான். அவனுக்கு உன் உதவி வேண்டாம். எங்களுக்குத்தான் வேணும்.”

“உங்களுக்கு என்ன உதவி வேணும், ஆயா?” என்றார் தமையனார். மூன்று மாதத்தில் அவர் அம்மூதாட்டியாரிடம் கேட்ட முதல் வினா அதுவே.

அதற்கு விடையாக அவர் கூறியவை ஒரு நூலுக்கு ஒப்பானவை. பால் எவ்வளவு வாங்குவது, பேப்பர் கப் எவ்வளவு வாங்குவது என்பதே அப்பாதையில் கடை வைத்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் மாதந்தோறும் வரும் கவலை. குறைய வாங்கினால் நள்ளிரவிற் கடையை மூட வேண்டும். மிக வாங்கினால் பால் திரிந்துபோம். கொள்முதலுக்கோ தண்டற்காரரிடம் கடன். பௌர்ணமித் திதி பிற்பகலில் தொடங்கினால் கூட்டம் அன்றிரவு முழுதும் ஒருசேர வரும். விடியலில் தொடங்கினால் இரண்டாகப் பிரியும். சனிக்கிழமையோடு கூடிவந்தால் சென்னையிலிருந்து வருவார் மிகுவர். ஆந்திர, தெலுங்கானப் பக்கத்து விடுமுறை நாளாயின் தெலுங்கு பேசுவார் மிகுவர். அவர் இன்ன பண்டத்தை விரும்புவர், இன்னதைத் தொடார். மாலையில் ஒரு மழை பெய்தால் தேநீர் இரட்டிப்பாகும், நீர்ப்புட்டி பாதியாகும். நகரத்து மொத்தக் கடையிலிருந்து சரக்கு கொண்டுவரும் வண்டி, பாதையில் வண்டிகளைத் தடுக்கும் நேரத்திற்கு முன்னர் வந்து சேராவிடில் அன்றைய வாணிபமே இல்லை. இவையெல்லாம் எக்கணினியிலும் எழுதப்படாதவை. நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளைப் பற்றியவை.

தமையனார் அன்று தொடங்கிப் பத்து நாள் அப்பாதையோரக் கடைகளில் ஒவ்வொன்றாக அமர்ந்து கேட்டார். பின்னர்த் தம் வாணிப முறையைத் தலைகீழாக மாற்றினார். நடப்பவர்க்கு விற்பதைக் கைவிட்டு, விற்பவர்க்கு உதவுவதை மேற்கொண்டார். மூன்று நாள் முன்னதாக, இம்முறை இன்ன அளவு சரக்குத் தேவையாகும் என்று கடைதோறும் கைப்பேசியிற் குறிப்பு அனுப்புவர். கடைக்காரர் தேவையைத் தெரிவித்தால், அனைவர் தேவையையும் ஒன்றாகக் கூட்டி மொத்த விலையில் வாங்கி, வண்டி தடுக்கப்படும் முன் கொண்டுவந்து சேர்ப்பர். விலையின் வேறுபாட்டில் ஒரு சிறு பங்கு அவர்க்குக் கூலி. தொழில் காலூன்றத் தொடங்கிற்று.

நிற்க. இஃது ஒரு குடும்பத்தின் கதை. இதனைக் கொண்டு பொதுவிதி கூறலாமோ என்று வினவுவார் உளர். பெயர் பெற்ற நிறுவனங்களின் வரலாற்றையே நோக்குவோம். சென்னையிற் பிறந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவிற் பணிபுரிந்த காலத்து, 1997-ஆம் ஆண்டில், அயல்நாட்டுத் தமிழர்க்கென ஓர் இணையத்தளம் அமைத்தார். நாட்காட்டி, பண்டிகைக் குறிப்பு முதலிய பலவும் அதில் இருந்தன. வந்தவரோ மிகுதியும் நாடிச் சென்றது அதன் ஒரு மூலையிலிருந்த மணமகன், மணமகள் தேடும் பகுதியையே. வருவோர் தம் நடையாற் காட்டியதை அவர் கவனித்தார். 2000-ஆம் ஆண்டில் அதனையே தனித் தொழிலாக்கினார். பாரத் மேட்ரிமோனி பிறந்தது அங்ஙனம். அதன் வாணிப முறையை வகுத்தவர் அவர் ஒருவரல்லர்; அம்மூலையை நாடி வந்த பெயரறியாப் பெற்றோரும் இளைஞரும் அதனை உடன் வகுத்தனர் என்றே கூறலாம்.

பெங்களூரிற் பணிபுரிந்த பணீந்திர சாமா என்பார்க்கு, 2005-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஊர் செல்லப் பேருந்தில் இடங் கிடைத்திலது. ஏன் கிடைத்திலது என்று பயணச்சீட்டு முகவரிடம் சென்று வினவினார். எப்பேருந்தில் எத்தனை இடம் எஞ்சியுளது என்பதை அறிய எம்முகவர்க்கும் வழியில்லை என்பது அவர்க்குத் தெரியவந்தது. தோழர் இருவருடன் மென்பொருள் எழுதிப் பேருந்து உரிமையாளரிடம் கொண்டு சென்றபோது, ஏற்பார் இலர். பின்னர்ச் சில இருக்கைகளைப் பெற்றுத் தாமே இணையத்தில் விற்கத் தொடங்கினர். தொழிலில் முதிர்ந்தோர் சிலரும் அவர்க்கு வழிகாட்டினர். 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ரெட்பஸ் நிறுவனத்தை, 2013-ஆம் ஆண்டில் ஐபிபோ என்னும் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. முகவரும், உரிமையாளரும், முதியோரும் ஆகிய மூவகைப் புறத்தார் அறிவும் கூடி அமைந்தது அத்தொழில்.

போட்டியாளரிடமிருந்தும் கற்கலாம் என்பதற்குத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவரான கிரீஷ் மாத்ருபூதம் சான்றாவார். வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் மென்பொருளை விற்ற அயல்நாட்டு நிறுவனம் ஒன்று தன் கட்டணத்தை உயர்த்த, அதனை வாங்கியோர் வெகுண்டனர் என்னும் செய்தியை அவர் படித்தார். படித்தோர் பலர், எழுந்து செயலாற்றியவர் அவர். 2010-ஆம் ஆண்டில் சென்னையிலே ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கிற்று. பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. பிறர் தொழிலின் குறையைக் கூறிய வாடிக்கையாளரின் சினமே இவர்க்குப் பாடமாயிற்று.

பெருநிறுவனங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஊபர் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்தபோது, அட்டை வாயிலாகவே வாடகை பெறும் அமெரிக்க முறையைக் கொண்டு வந்தது. நம் மக்களோ கையிற் காசு கொடுத்துப் பழகியவர். 2015-ஆம் ஆண்டு மே மாதம் ஐதராபாத்தில் ரொக்கமாகப் பெறும் முறையை அது சோதனையாகத் தொடங்கிற்று. உலகெங்கும் ஒரு முறையே செல்லும் என்று எண்ணியதை ஐதராபாத்தின் தெருக்கள் திருத்தின.

ஆயின், புறத்தறிவு எங்கும் கிடக்க, சிலர் மட்டும் அதனாற் பயன்பெறுவது ஏன்? வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 1990-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினர். புறத்தே உள்ள அறிவின் மதிப்பை உணர்தல், அதனை உட்கொள்ளுதல், தொழிலிற் பயன்படுத்துதல் ஆகிய ஆற்றல் ஒரு நிறுவனத்திற்கு உண்டாவது, அதனுள் முன்னரே சேர்ந்துள்ள அறிவைப் பொறுத்தது என்பது அவர் கொள்கை. கேட்பவன் வெறுங்குடமாயிருத்தல் கூடாது என்பது இதன் கருத்து. மூதாட்டியார் உரைத்ததைக் கேட்டு அதனைக் கணக்காக்கும் வித்தை தமையனாரிடம் இருந்தமையினன்றோ அது தொழிலாயிற்று? அதே உரையை யானும் கேட்டேன். கட்டுரைதான் எழுத முடிந்தது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டு வகையாகப் பகுத்தார். அப்பகுப்பு வகுப்பறைக்கு உரியதாயினும், புத்தொழில் நிறுவனங்களுக்கும் நன்கு பொருந்துவதைக் கண்டு யான் வியந்தேன். கிளி போன்றது, அயல்நாட்டுச் செயலியை அவ்வாறே படியெடுத்து நம் ஊரில் நடத்துவது. ஓட்டைக்குடம் போன்றது, வாடிக்கையாளர் சொல்வதை நாள்தோறும் கேட்டும் ஒன்றையும் குறித்து வையாதது. ஆடு போன்றது, இன்று ஒருவர் சொற்படி ஒரு முறையும் நாளை ஒருவர் சொற்படி மற்றொரு முறையுமாக நுனிப்புல் மேய்வது. எருமை போன்றது, கடன்பட்ட பணத்தால் விலையைக் குறைத்து ஒரு வாணிபத்துட் புகுந்து, தானும் பருகாது பிறரும் பருகாவண்ணம் குளத்தைக் கலக்குவது. நெய்யரி போன்றது, குறைகூறுவார் சொல்லை ஒழுகவிட்டுப் புகழுரையை மட்டும் தேக்கிக்கொள்வது. என் தமையனாரின் செயலி முதல் மூன்று மாதமும் நெய்யரியாக இருந்தது. சென்னை நண்பரின் புகழுரையே அதில் தங்கிற்று. உழுவார் முயற்சிக்குத் தக்கபடி பயன்தரும் நிலம் போன்றும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசு போன்றும், நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னம் போன்றும் இருக்கும் நிறுவனங்களே நிலைபெறுகின்றன.

வள்ளுவரும் பொருட்பாலில் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை முன்வைத்து, அதன் பின்னரே ‘அறிவுடைமை’யை வைத்தார். அவற்றின் பின்னர்ப் பெரியாரைத் துணைக்கோடலும், தெரிந்து செயல்வகையும், காலமறிதலும், இடனறிதலும் தொடர்ந்து வருகின்றன. வாணிபம் செய்வான் ஒருவன் அதிகாரத் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதித் தன் மேசைமேல் வைப்பினும் போதும்.

இதுகாறும் கூறியது கேட்டலின் பயன். இனிக் கூறப்போவது கேட்டலின் கடன். இதன்பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

தொழில் காலூன்றிய சில திங்களில், முதலீடு செய்வார் முன் படித்துக் காட்டத் தமையனார் ஓர் அறிக்கை எழுதினார். பிழை திருத்தித் தருமாறு என்னிடம் தந்தார். ‘எமது நிறுவனம் கண்டறிந்த கணிப்பு முறை’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. திதி தொடங்கும் நேரம், கிழமை, மழை, அயல்மாநில விடுமுறை என்று நிரல்படக் கூறப்பட்டிருந்தது. அம்மூதாட்டியாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“அண்ணா, இக்கணக்கு யாருடையது?” என்றேன்.

“சொன்னது அவர், கணக்காக்கியது நாங்கள். அவர் காசு கேட்டாரா? சரக்கு மலிவாகக் கிடைக்கிறது, அவருக்கும் இலாபந்தானே?” என்றார்.

“அவர் கேட்கவில்லை என்பதனால் நாம் தரவேண்டியதில்லை என்று ஆகுமா? நாளைக்கு இந்த முறையை வேறொருவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் பொறுப்பீர்களா?” என்றேன். அவர் முகம் சிவந்தது. அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளாமலே உண்டோம்.

அவர் கூற்றிலும் ஒரு பக்கம் உண்மை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. சந்தையில் எல்லோரும் காண நிகழ்வதைக் கண்டு கற்றல் எவர்க்கும் உரியது. போட்டியாளரின் வாடிக்கையாளர் வெகுண்டார் என்னும் செய்திக்கு எவர்க்கும் கூலி தரவேண்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் விலை வைத்தால், ஒருவரோடொருவர் பேசுதலே நின்றுவிடும். எனினும், ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் நின்று சேர்த்த அறிவை, நம்மை நம்பி, நம் துயர் கண்டு இரங்கி அளித்தபோது, அது தெருவிற் கிடந்த செய்தியாகாது. அது முதலீடு. பணத்தை இட்டவனுக்குப் பங்கு எழுதும் நாம், அறிவை இட்டவர்க்கு ஒரு நன்றியுரையும் எழுதாதிருத்தல் என்ன நீதி?

இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் பொதியமலைச் சாரலிலேயே உண்டு. 1987-ஆம் ஆண்டில் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குச் சென்ற அறிஞர்க்குக் கேரளத்துக் காணிப் பழங்குடியினர் வழித்துணையாயினர். களைப்பின்றி மலையேறிய அவர், ஒரு செடியின் கனியை உண்பதைக் கண்டு அறிஞர் வினவினர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கிற்று. அதனைச் செய்யும் உரிமையைக் கோயம்புத்தூரிலுள்ள ஆரிய வைத்திய பார்மசிக்கு அளித்தபோது, உரிமைக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கிற்று. அதனைப் பெறுதற்குக் காணிகளின் அறக்கட்டளை ஒன்று 1997-ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர் 2002-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், இத்தகைய அறிவால் வரும் பயனைப் பகிர்ந்தளித்தலை நாட்டு விதியாக்கிற்று. செடியைப் பற்றிய அறிவிற்கு இவ்விதி இருக்க, தெருவைப் பற்றிய அறிவிற்கும், கூட்டத்தைப் பற்றிய அறிவிற்கும் மனச்சான்றேனும் ஒரு விதியாகல் ஆகாதோ?

இவ்வினா ஒரு சிற்றூர்க் கடையோடு நிற்பதன்று. இன்று செயலிகள் நம்மைக் கேட்டும் கேளாமலும் நம் நடையையும் விருப்பத்தையும் அறிந்து, அவ்வறிவின்மேல் தம் வாணிப முறையைக் கட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது, இசைவின்றி ஒருவரது தரவைக் கைக்கொள்ளுதல் தகாது என்னும் கருத்தினாலேயே. ஆயின், சட்டம் காப்பது ஒருவரைப் பற்றிய செய்தியை. ஒருவர் உவந்து சொன்ன அறிவைக் காக்க அஃது எழவில்லை. அவ்விடத்தே நிற்க வேண்டியது கேட்டவனுடைய நேர்மை.

நன்றியறிதல் அறம் மட்டுமன்று. நல்ல வாணிபமும் ஆகும். தாம் சொன்னதைக் கொண்டு ஒருவன் செழித்துத் தம்மை மறந்தான் என்று அறிந்த ஊரார், அடுத்த முறை அவனிடம் உண்மை கூறார். ஆண்டுதோறும் கூட்டத்தின் இயல்பு மாறுகின்றது, பாதை மாறுகின்றது, விதிகள் மாறுகின்றன. சென்ற ஆண்டின் அறிவு இவ்வாண்டிற்குப் பழஞ்சோறு. ஆதலின் கேட்கும் வாயிலை என்றும் திறந்து வைத்தல் வேண்டும். அவ்வாயிலைத் திறந்து வைக்கும் திறவுகோல் நன்றியேயாம்.

எங்கள் சச்சரவு எங்ஙனம் முடிந்தது என்று அறிய விரும்புவீர்கள். ஒரு வாரம் கழித்துத் தமையனார் அவ்வறிக்கையை மீண்டும் என்னிடம் தந்தார். ‘எமது நிறுவனம் கண்டறிந்த’ என்பது அடிக்கப்பட்டு, ‘அடி அண்ணாமலைக் கடைக்காரரிடம் கேட்டறிந்து யாம் கணக்காக்கிய’ என்று எழுதப்பட்டிருந்தது. அவர் வரவுசெலவுப் புத்தகத்திலும் ‘அறிவுரைக் கட்டணம்’ என்று ஒரு புதிய தலைப்பு ஏறியிருந்தது. மாதந்தோறும் பௌர்ணமிக்கு முன் கூடித் தம் கணிப்பைக் கூறும் ஐந்து கடைக்காரர்க்கு அதிலிருந்து பணம் செல்கின்றது. முதற்பெயர் அம்மூதாட்டியாருடையது. தொகை சிறிது, அதனை யான் மறைக்கவில்லை. அன்னையாரின் சங்கிலியும் இன்னும் அடகிலேயே உள்ளது. ஆயினும், அறிக்கையைப் படித்த முதலீட்டாளர் ஒருவர், “மற்றவர்கள் கணினியைக் காட்டுகிறார்கள், நீங்கள் ஆட்களைக் காட்டுகிறீர்கள்” என்று கூறினாராம். அஃது எதில் முடியும் என்பதைக் காலமே கூற வேண்டும்.

முதன்முறை பணத்தைக் கையில் வைத்தபோது அம்மூதாட்டியார் வாங்க மறுத்தார். “சொன்னதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா, தம்பி?” என்றார். “நான் தப்பாப் பண்ணினப்போ யாரும் சொல்லலையே, ஆயா, நீங்கதானே சொன்னீங்க” என்றார் தமையனார். அதன் பின்னரே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

தோழர்களே! நம்மிற் பலர் நாளை தொழில் தொடங்குவோம். முதல் இல்லையே என்று ஏங்குவோர், தம் ஊர்த் தெருவில் இறங்கி ஒரு நாள் முழுதும் வாய்திறவாது அமர்ந்து கேட்கக் கடவர். உழவரும், கடைக்காரரும், தையற்காரரும், ஓட்டுநரும் தத்தம் நிலத்தையும் பொழுதையும் பற்றி அறிந்து வைத்துள்ள செல்வம் எவ்வங்கியிலும் இல்லாதது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டா. கேட்டதை அன்னம்போற் பிரித்து, பசுப்போல் அசைபோட்டுக் கொள்ளுங்கள். கேட்டது யாரிடம் என்பதையும் அன்றே ஏட்டிற் குறித்து வையுங்கள். தொழில் வளர்ந்த பின் எழுதுவோம் என்றால் அப்பெயர்கள் மறந்துபோம். மறக்க விரும்பும் மனமும் அப்போது வந்துவிடும்.